ஆறு என்றால் குதி

எங்கள் குடும்பத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, பந்தி முடிந்து ஆளாளுக்கு ஜமுக்காளத்தில் சாயும் நேரத்தில் ஒரு கதை வெளியே வந்துவிடும். சித்தப்பா தன் மாமனாரைத் தேடி ஓடிய கதை. இருபது வருடத்துக்கு மேலாக அலுக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. சொல்வது பெரும்பாலும் சித்தப்பாதான். ஒவ்வொரு முறையும் புதிதாக எதையாவது சேர்த்துவிடுவார். முதலில் இரவல் பைக்கில் போனார். சில வருடம் கழித்து அந்த பைக்கில் பெட்ரோல் தீர்ந்துபோய், அத்திப்பள்ளியிலிருந்து தள்ளிக்கொண்டே போனார். என் கல்யாணத்தில் சொன்னபோது மழையும் வந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்தக் கதைக்குக் காரணமாக இருந்த வீடியோ கேமும் இதே ஜாதிதான். அதையும் விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். காலேஜில் தோழியின் கம்ப்யூட்டரில் ஒன்றைப் பார்த்தேன். வானத்தில் மேகம் சேர்த்திருந்தார்கள். பிறகு போனில் ஒன்று வந்தது. ஓடுவதைவிட விளம்பரம் பார்ப்பதற்குத்தான் அதில் நேரம் போகும். போன மாதம் என் மகளுக்காக டிவியில் போட்டுக் கொடுத்தது எல்லாவற்றிலும் புதிது. அதில் ஓடுகிறவனுக்குக் கண், மூக்கு, நெற்றி வேர்வை எல்லாம் இருக்கின்றன. நான் விளையாடிய காலத்தில் அவனுக்கு இருந்ததெல்லாம் ஒரு மஞ்சள் தொப்பியும் இரண்டு கால்களும்தான்.

நான் நாலாவது படிக்கும்போது மத்தூரிலிருந்து ஓசூருக்கு வந்தோம். அப்பாவுக்கு சிப்காட் கம்பெனி ஒன்றில் வேலை நிரந்தரமாகியிருந்தது. அப்பாவின் தம்பியான சித்தப்பா வேறொரு கம்பெனியில் முன்பே இருந்தார். ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றை வாடகைக்குப் பிடித்து எல்லோரும் ஒன்றாகக் குடியிருந்தோம். வந்த சில மாதங்களில் சித்தப்பா கல்யாணம் செய்துகொண்டார். அவருடைய கம்பெனியில் அவர் நின்ற அதே மெஷின் லைனில் நின்ற பெண், கர்நாடகத்தில் ஆனேக்கல்லை ஒட்டிய கிராமம், வீட்டில் பேசுவது கன்னடம். பெண் வீட்டில், இனி எங்களுக்கு மகளே இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சித்தப்பா அதையே பெரிய வரவேற்பாக எடுத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு சித்தி வேலைக்குப் போகவில்லை. கம்பெனி லைனில் எல்லோரும் ஒரு மாதிரி பேசுகிறார்கள், கொஞ்ச நாள் ஆறப்போடலாம் என்று சித்தப்பாதான் நிறுத்தினார். வாங்க, போங்க, சாப்பாடு, சரி. சித்தியிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் வேலை செய்யலாமே தவிர பேச முடியாது. அப்பாவும் சித்தப்பாவும் ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டால் அம்மா அடுப்படியில் இருப்பாள், சித்தி முன்னறையில் இருப்பாள்.

போனஸ் வந்த கையோடு சித்தப்பா பெங்களூரிலிருந்து ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். எனக்கென்று சொல்லித்தான் கொடுத்தார். ஆனால் அட்டைப் பெட்டியைப் பிரிக்கும்போது அவர் பார்த்ததெல்லாம் சித்தியின் முகத்தைத்தான். எனக்கு அதில் ஒரு ஆட்சேபணையும் இல்லை. அதோடு வந்த கேசட்டில் என்னவோ பாஷையில் எழுதியிருந்ததால் அந்த ஆட்டத்தின் பேர் கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. மஞ்சத்தொப்பி என்று நாங்களே வைத்துக்கொண்டோம். தொப்பியைப் பார்த்துவிட்டு, இவன் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கிறவன், ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டதால் ஓடுகிறான் என்று அப்பா தீர்மானமாகச் சொன்னார்.

அவன் இடமிருந்து வலமாக ஓடுவான். வழியில் உருளும் சக்கரம், நெருப்பு, குழி எல்லாம் வரும். தாண்டித் தாண்டிப் போய்க் கடைசியில் தொங்கும் மணியை அடித்தால் அடுத்த ஸ்டேஜ். ஒருமுறை கடந்த இடத்துக்குத் திரும்பிப் போக முடியாது. திரையின் இடது ஓரம் சுவராகிவிடும். மூன்றாவது ஸ்டேஜில் ஒரு அகலக் குழி இருந்தது. எங்கள் லைனில் அதைத் தாண்டியவர்கள் யாருமில்லை.

சித்தி ரிமோட்டைத் தொடமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். குழி நெருங்க நெருங்க அவளுக்குள் யாரோ புகுந்துகொண்ட மாதிரி இருக்கும். முட்டிபோட்டு எழுந்து, என் தோளைப் பிடித்து உலுக்கி, "ஆரு! ஆரு! ஆரு!" என்று கத்துவாள். முதல் தடவை இந்தச் சத்தத்தைக் கேட்டு, யாரோ வந்திருக்கிறார்கள் போல என்று அப்பா எழுந்துபோய் வாசற்கதவைத் திறந்து பார்த்தார்.

நான் அப்பாவைவிடக் கெட்டிக்காரி. சித்தி எண்ணிக்கை சொல்கிறாள் என்று கண்டுபிடித்துவிட்டேன். கம்பெனியில் மெஷினோடு பழகியவள், ஏதோ ரகசியம் தெரிந்துதானே சொல்வாள்? குழிக்கு முன்னால் அவனை நிறுத்தி, நின்ற இடத்திலேயே ஆறு முறை குதிக்கவைத்துவிட்டுப் பிறகு தாண்டினேன். விழுந்து செத்தான். சித்தி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ஆறு விரலை விரித்துக் காட்டி, "ஆறுதானே சித்தி, சரியாத்தானே குதிச்சேன்?" என்று கேட்டேன். அவள் பலமாகத் தலையை ஆட்டி, "சரி, சரி, ஆரு" என்றாள். தான் கற்ற தமிழை அவ்வளவு பொருத்தமாக அவள் பயன்படுத்தியது அன்றைக்குத்தான். அதன்பிறகு லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் குழிக்கு முன்னால் ஆறு முறை குதித்தே செத்தார்கள்.

இப்படி ஒரு சனிக்கிழமை. முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சித்தி கொல்லைப்புறம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் குழம்பில் உருளைக்கிழங்கு தேடிக்கொண்டிருந்தேன். அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, அவ என்னமோ ஆறு ஆறுன்னே சொல்லிக்கிட்டு இருக்கா. நானும் நாலு நாளா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் நல்லதாப் படல."

"எந்த ஆறு அண்ணி?"

"அது எனக்கென்னா தெரியும்? கெலவரப்பள்ளி டேம் பக்கத்துலதான இருக்குது. அவங்க அம்மாவ ஒருக்கா கூட்டியாந்து கண்ணுல காட்டிடு தம்பி. அப்புறம் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது?"

சித்தப்பாவுக்குக் கொஞ்சம் கன்னடம் தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று. கன்னடத்தில் ஹாரு என்றால் குதி என்று அர்த்தம். அவர்கள் ஊர்ப் பக்கத்தில் ஹகரத்தை விழுங்கிவிட்டு ஆரு என்றுதான் சொல்வார்கள். ஆக, தமிழில் எடுத்தால் ஆறு, கன்னடத்தில் எடுத்தால் குதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்த மனுஷனுக்குப் பிசைந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது. அது டிவியைப் பார்த்துச் சொல்வது என்று நான் சொல்லியிருக்கலாம். என்னை யாரும் கேட்கவில்லை. வாயிலும் உருளைக்கிழங்கு இருந்தது. அவர் கையைக் கழுவிவிட்டு நண்பரின் பைக்கை வாங்கிக்கொண்டு கிளம்பினார். அதுவரை அந்த ஊர் எல்லையைக்கூட மிதிக்கப் பயந்துகொண்டிருந்தவர், நேராக மாமனார் வீட்டு வாசலில் போய் நின்றார். பெட்ரோல் தீரவில்லை, மழையும் பெய்யவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா பெரிய குண்டானில் உலை வைத்திருந்தாள். சித்தியும் நானும் டிவி முன்னால் இருந்தோம். குழி வந்தது. சித்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல, "ஆரு! ஆரு!" என்று அடித்தொண்டையில் கத்தினாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பை தொப்பென்று விழுந்தது. ஒரு அம்மாள் ஓடிவந்து சித்தியைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, "பேடா மகளே, பேடா!" என்று கதறினாள். வேண்டாம் மகளே என்பது எனக்குக்கூடப் புரிந்தது. எது வேண்டாம் என்பதுதான் சித்திக்குப் புரியவில்லை. திரும்பி, தன் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பொத்தானை நான் அமுக்கினேன்.

பின்னாலேயே சித்தியின் அப்பா வந்தார். வாசற்படியில் செருப்போடு நின்று மகளைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். குழியின் விளிம்பில் மஞ்சத்தொப்பி ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றிருந்தான். அவர் திரும்பி, தங்களைக் கூட்டிக்கொண்டு வந்து பின்னால் நின்ற மருமகனிடம் இது என்ன என்று கேட்டார். சித்தப்பா டிவியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தபடி தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னார். பொம்மை குதிப்பதற்காகவா ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தோம் என்று அந்த மனிதர் நினைத்திருந்தால் யாரும் தப்புச் சொல்ல முடியாது. அப்படியே திரும்பிப் போயிருந்தால் ஜென்மத்துக்கும் அந்த வீட்டுக் கதவு திறந்திருக்காது. செருப்பைக் கழற்றுவாரா மாட்டாரா என்று அப்பா, அம்மா, சித்தப்பா மூன்று பேரும் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். சித்தி அவள் அம்மாவின் தோளிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லையாம். இதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. என் கவலையெல்லாம் குழி மேல்தான் இருந்தது.

அவர் மறுபடியும் டிவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஆர்லி பிடு" என்றார். குதிக்கட்டும் விடு என்று அர்த்தம். டிவியில் நின்றவனைச் சொன்னாரா, மகளைச் சொன்னாரா என்று சித்தப்பா இன்றைக்கும் பந்திக்குப் பந்தி ஆராய்ச்சி செய்கிறார். சொல்லிவிட்டு அவர் செருப்பைக் கழற்றினார்.

நான் பொத்தானை அமுக்கினேன். எண்ணுவதற்கு நேரமில்லை, மனசும் ஓடவில்லை. மஞ்சத்தொப்பி ஒரே தாவாகத் தாவி அந்தப் பக்கம் போய் நின்றான். எங்கள் லைனில் யாராலும் முடியாததை நான் செய்துவிட்டேன். "தாண்டிட்டேன்! தாண்டிட்டேன்!" என்று துள்ளிக்கொண்டு திரும்பிப் பார்த்தால், ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை. எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். அப்பாகூட மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சாப்பாடு முடிந்ததும் சித்தியின் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உள்ளங்கையில் இரண்டு விரலை ஓடவிட்டு, எம்பவைத்து, "ஆரு" என்று காட்டினார். அதுவரை குதித்த ஆறு குதியும் வீண் என்று தெரிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து மாதம் ஒருமுறை ராகியும் அவரைக்காயும் வர ஆரம்பித்தன. சித்தி வேறு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றைக்கு அவள் பேசும் தமிழுக்கு எங்கள் மத்தூர் உறவுக்காரர்களே பயப்படுவார்கள். கதை மட்டும் பந்திக்குப் பந்தி வளர்ந்தது. எந்தப் பதிப்பிலும் மாறாத ஒன்று உண்டு என்றால், அது அம்மாவின் அறியாமைதான். 'எங்க அண்ணிக்குக் கன்னடத்துல ஒரு எழுத்துகூடத் தெரியாது' என்றுதான் சித்தப்பா ஆரம்பிப்பார். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

போன மாதம் சித்தி வந்திருந்தபோது என் மகள் புது மஞ்சத்தொப்பியைப் போட்டாள். இதில் திரும்பிப் போகலாம், விழுந்தால் விழுந்த இடத்திலிருந்தே எழுந்து ஓடலாம். சாவுக்கு மரியாதையே இல்லாமல் செய்துவிட்டார்கள். சித்திக்கு அதெல்லாம் பொருட்டில்லை. குழியைக் கண்டதும் முட்டிபோட்டு எழுந்து, "ஆரு! ஆரு!" என்று கத்தினாள். அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவை நான் சீண்டினேன்.

"அந்தா பாரும்மா, சித்தி ஆத்துக்குக் கெளம்பிட்டா. சித்தப்பாவக் கூப்புடட்டுமா?"

அம்மா சிரிக்கவில்லை. "போடி இவளே. உத்தனப்பள்ளியில பொறந்து வளந்தவளுக்கு ஆருன்னா என்னான்னு தெரியாதா?" என்றாள்.

அம்மா பிறந்த ஊர் உத்தனப்பள்ளி என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அங்கே தெருவுக்குத் தெரு கன்னடமும் தெலுங்கும் புழங்குவதும் தெரியும். இத்தனை வருடத்தில் ஒருவருக்குக்கூட இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. 

"அப்ப தெரிஞ்சேதான் சொன்னியா?"

"எனக்குப் பேசத்தான் வராது, ஆட்டம் ஓடறப்ப அவ கத்துனது நல்லாவே புரிஞ்சுது. டிவிய அமத்துனப்புறம் ஒரு வார்த்த பேசமாட்டா. செவுத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பா. சாப்புடுன்னா சரிம்பா, தட்டு அப்படியே இருக்கும். அவ பேசாம இருக்கறது பயமா இருக்குதுன்னு உங்க சித்தப்பன்கிட்ட சொன்னா, புதுசுல அப்படித்தான் அண்ணின்னு சொல்லிட்டு ஷிஃப்ட்டுக்குப் போயிருப்பான். அவனுக்குப் புரியறாப்பல ஒரு வார்த்த வேணும். அது ஒண்ணுதான் கெடச்சுது."

"ஏம்மா இவ்வளவு நாளா சொல்லல? எல்லாரும் உன்னையத்தானே சிரிச்சாங்க?"

"அவளுந்தானே கூட உக்காந்து சிரிச்சா" என்று சொல்லிவிட்டு அம்மா கீரையை அலசப் போனாள்.

டிவியை அணைத்த பிறகு சித்தி எப்படி இருந்தாள் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. மஞ்சத்தொப்பி எங்கெங்கே விழுந்தான் என்பது மட்டும் இன்றைக்கும் வரிசையாகத் தெரியும். அணைத்த கையோடு ரிமோட்டை வைத்துவிட்டு நான் வெளியே விளையாட ஓடியிருப்பேன். சித்தி அங்கேயே உட்கார்ந்திருந்திருப்பாள்.