அறுபத்தொரு சிவப்புப் பொட்டு

பெங்களூர் ஈஜிபுராவில் ஒரு சந்து உண்டு. ஆட்டோ உள்ளே நுழைந்தால் திரும்ப முடியாது, பின்பக்கமாகவேதான் வெளியே வரவேண்டும். அந்தச் சந்தின் மூன்றாவது மாடியில், இரண்டு அறை வாடகை வீட்டில், லான் பவுல்ஸ் என்ற ஒரே ஒரு விளையாட்டைப் பற்றி மட்டும் இருநூற்றுப் பதினான்கு புத்தகங்கள் இருக்கின்றன. சொன்னால் அந்தச் சந்துக்காரர்களே நம்பமாட்டார்கள்.

சேர்த்தவர் அர்ஜுனன். லிஃப்ட் மெக்கானிக். ஐ.டி.ஐ. படிப்பு, முப்பது வருஷ சர்வீஸ். ஆங்கிலம் பேசச் சொன்னால் திணறுவார், ஆனால் பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு எதையும் படித்துவிடுவார்.

லான் பவுல்ஸ் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. வழவழவென்று வெட்டிய புல்தரை. ஒரு கோடியில் சின்ன வெள்ளைப் பந்து. மறுகோடியிலிருந்து குனிந்து பெரிய பந்துகளை உருட்ட வேண்டும். யாருடைய பந்து சின்னப் பந்துக்குக் கிட்டே போய் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. ஆனால் அந்தப் பெரிய பந்து நேராகப் போகாது. வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாக வளையும். யாரும் தொடவேண்டாம், காற்றும் அடிக்கவேண்டாம், தானாக வளையும்.

இந்த ஒரு விஷயத்தில்தான் மனிதர் விழுந்தார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், ஒரு பழைய அடுக்குமாடியின் லிஃப்ட் மெஷின் ரூமுக்குப் போயிருந்தார். எந்தக் கட்டடத்திலும் வேண்டாத சாமான்கள் கடைசியில் வந்து சேரும் இடம் மெஷின் ரூம்தான். மோட்டாருக்குப் பக்கத்தில் கிடந்த அட்டைப்பெட்டியை நகர்த்தியபோது ஒரு புத்தகம் கீழே விழுந்து விரிந்தது. அதில் ஒரு படம். பந்து போகும் பாதையைப் புள்ளிப்புள்ளியாகக் காட்டியிருந்தார்கள். முக்கால் தூரம் நேராகப் போன புள்ளிகள், அதற்குமேல் சொந்த யோசனை வந்ததுபோல் இடதுபக்கம் திரும்பியிருந்தன. அர்ஜுனன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் கூச்சல் போட்ட பிறகுதான் நினைவு வந்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் சிவாஜிநகர் நடைபாதைப் புத்தகக் கடைகள்தான். புத்தகங்களின் பின்பக்கம் அச்சிட்டிருந்த முகவரிகளைப் பார்த்து வெளிநாட்டுக் கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார். எங்கோ குளிரில் இருக்கும் யாரோ, பெங்களூர் லிஃப்ட் மெக்கானிக்கை மதித்துப் பதில் எழுதி, கூடவே பழைய கையேடுகளையும் அனுப்பினார்கள். அப்படிப் பார்சல் வரும் நாட்களில் அர்ஜுனன் அதை உடனே பிரிக்கமாட்டார். கை கால் கழுவிவிட்டு வந்துதான் பிரிப்பார்.

எல்லாப் புத்தகமும் நீளமான கோடு போட்ட நோட்டில் பதிவாகும். வரிசை எண், பெயர், எழுதியவர், ஆண்டு, பக்கம், எப்படி வந்தது. கடைசிக் கட்டம் அவராகவே சேர்த்தது: ‘பந்து ஏன் வளைகிறது?’ ஒவ்வொரு ஆசிரியரும் அதற்குச் சொல்லும் காரணத்தை ஒரே வரியில் தமிழில் எழுதிவைப்பார்.

வம்பே அந்தக் கட்டத்தில்தான். ஒரு காலத்தில் பந்துக்குள் ஒரு பக்கமாக ஈயம் வைத்தார்கள் என்று சில புத்தகங்கள் சொல்லின. அது அவருக்கு உடனே புரிந்தது. இப்போது ஈயமும் இல்லை, ஒன்றும் இல்லை, பந்தின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் வேறு வளைவாகக் கடைகிறார்கள், அந்த வடிவம்தான் காரணம் என்று வேறு சில புத்தகங்கள் சொல்லின. அதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. லிஃப்ட் என்பதே ஒரு பக்கம் பெட்டி, மறுபக்கம் எதிர் எடை. இந்தக் கைகளால் அவர் பார்த்ததெல்லாம் எடையின் வேலை. ஆசிரியர்கள் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பியடிக்கிறார்கள் என்று முடிவுகட்டி, அப்படிச் சொன்ன புத்தகங்களுக்கு நேராக நோட்டில் சிவப்பு மையால் ஒரு பொட்டு வைத்தார். பொட்டு என்றால் பிழை. அப்படி அறுபத்தொரு பொட்டு.

மனைவி பிரபா இதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. புத்தகப் பெட்டிகளுக்குக் கட்டிலடியை விட்டுக்கொடுத்தவள், பொட்டை மட்டும் விடவில்லை.

“அவங்க அந்த ஆட்டத்த ஆடிட்டு வந்து எழுதறாங்க. நீங்க ஈஜிபுராவுல உக்காந்துகினு அவங்களுக்குத் தப்பு போடறீங்க. ஒரு பந்தையாவது கண்ணால பாத்தீங்களா?”

“எடை இல்லாம எதுவும் சாயாது பிரபா. முப்பது வருஷமா அதத்தானே பாத்துக்கினு கீறேன்.”

ஆனால் அவர் பந்தைப் பார்த்ததில்லை என்பது உண்மை.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் இந்தியப் பெண்கள் நால்வர் இந்த ஆட்டத்தில் தங்கம் வாங்கினார்கள். டி.வி.யில் பார்த்தபோது அர்ஜுனனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அந்தச் சின்னத் திரையில் பந்து வளைவதைவிட, ஜெயித்தவர்கள் கட்டிப்பிடித்து அழுததைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் சுனிதா வந்தாள். பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை. புதிதாக இந்த ஆட்டத்தில் இறங்கியிருந்தாள். சிவாஜிநகரில் புத்தகம் தேடியபோது, அந்தச் சரக்கெல்லாம் ஈஜிபுரா லிஃப்ட்காரருக்குத்தான் போகிறது என்று கடைக்காரர் கைகாட்டிவிட்டாராம். வந்தவள் பெட்டிகளைப் பார்த்தாள், நோட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினாள். பிறகு, இப்படி ஒரு பட்டியலைத் தான் எங்குமே பார்த்ததில்லை என்றாள். தன் பயிற்சியாளரிடம் சொன்னாள். ஒரு விளையாட்டுக் கல்லூரி நூலகம் அந்த நோட்டை அப்படியே தட்டச்சு செய்து, அர்ஜுனன் பெயரோடு வைத்துக்கொள்ள முன்வந்தது. பெயர் அச்சில் வரப்போகிறது என்றதும் மனிதருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

நோட்டைக் கொடுப்பதற்கு முந்தின ஞாயிறு, சுனிதா ஒரு பையோடு வந்தாள். பையில் நான்கு பந்துகள். அர்ஜுனன் வழக்கமாகப் பழுது பார்க்கும் ஓர் அடுக்குமாடியில் விசேஷ மண்டபம் உண்டு. தரை முழுக்கப் பச்சைக் கம்பளம். செயலாளரிடம் கேட்டு அதைத் திறக்க வைத்தார். பிரபாவும் கூடவே வந்தாள்.

பந்தைக் கையில் வாங்கியவர் அதை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். உருட்ட மனம் வரவில்லை.

“உருட்டுங்க அண்ணா. சும்மா பாத்துட்டே இருந்தா ஆகாது,” என்றாள் சுனிதா.

குனிந்தார். விட்டார். பந்து சத்தமே இல்லாமல் கம்பளத்தில் ஓடியது. நேராக ஓடியது, ஒரு தப்பும் இல்லாத நேர். பாதி மண்டபம் தாண்டியும் நேர்தான். தன் இருபத்திரண்டு வருஷமும் வீணோ என்று அர்ஜுனன் நினைத்துவிட்டார். அப்போது பந்து கொஞ்சம் தளர்ந்தது. தளர்ந்தது, மெல்ல இடதுபக்கம் சாய்ந்தது, சாய்ந்துகொண்டே போனது. மெஷின் ரூமில் பார்த்த அதே புள்ளிகளின்மேல் நடப்பதுபோல் நடந்து, சுவரோரம் போய் நின்றது. பிரபா தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இருபது முறை உருட்டினார். இருபது முறையும் வளைந்தது. அதற்குப் பிறகுதான் அவருக்குள் இருந்த மெக்கானிக் விழித்துக்கொண்டார். ஓர் அட்டையைப் பந்தின் ஒரு பக்கத்து வளைவுக்கு அச்சாக வெட்டினார். அதே அட்டையை மறுபக்கத்தில் வைத்தார். பொருந்தவில்லை, மெல்லிய நூல் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. உள்ளே ஈயம் வைப்பது எப்போதோ நின்றுபோயிற்று, இப்போது எல்லாமே இந்த வடிவம்தான் என்று சுனிதா சொன்னாள். அந்த வெளிச்சத்தையே பார்த்தபடி இருந்தார் அர்ஜுனன். முப்பத்தேழாம் எண் புத்தகத்தில் இதே இடைவெளியைப் படமாகவே போட்டிருந்தார்கள். அதற்கும் பொட்டு வைத்திருந்தார்.

ஒரு நூல் இடைவெளி. அதை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய பந்தைத் திருப்புகிறார்களே என்று நினைக்க நினைக்க, வெட்கத்தைவிட வியப்புதான் அவருக்குப் பொங்கி வந்தது.

வீட்டுக்கு வந்து நோட்டை விரித்தார். சிவப்பு மை அழியாது. தட்டச்சு செய்யும்போது பொட்டை விட்டுவிடச் சொன்னால் போதும், யாருக்கும் தெரியாது என்றாள் பிரபா. குத்திக்காட்டவில்லை, இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். அவள் குத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அர்ஜுனன் ஒரு பொட்டையும் விடச் சொல்லவில்லை. முதல் பக்கத்தில், தன் பெயர் வரவேண்டிய இடத்துக்கு மேலே, அதே சிவப்பு மையால் எழுதினார்:

‘பொட்டு வைத்த புத்தகங்களை முதலில் படிக்கவும். பொட்டு வைத்தவன் அப்போது பந்தைப் பார்த்ததில்லை.’