ஊர்ப்பேர் போட்ட முத்திரை

வேங்கிக்கால் தபாலாபீசில் இன்று முத்திரை மையின் வாசனை பட்டதும், பட்டாளத்திலிருந்து வரும் அப்பாவின் கடிதங்களை முகர்ந்து பார்த்த சிறுவயது நாட்கள் நினைவில் வந்து நிறைந்தன. பட்டாளத்து முத்திரையில் ஊர்ப்பேர் இருக்காது, வெறும் நம்பர்தான். அது மாறினால் அப்பா இடம் மாறிவிட்டார் என்று புரிந்துகொண்டு, "அண்ணாமலையாரே, புது இடத்துலயும் காப்பாத்துப்பா" என்று அம்மா விளக்கேற்றுவாள். கார்த்திகை தீபத்துக்கு அப்பாவுக்கு லீவு கிடைக்குமா என்று நாங்கள் தவித்துக்கிடந்த வருஷம், தபால்காரர் தெருவிலிருந்தே அம்மாவிடம் கூவினார்:

"தங்கச்சி, இதுல நம்பரே இல்ல, நாக்பூர்னு போட்டிருக்கு! மாப்ள வண்டியேறிட்டாரு, வழியில போட்ட லெட்டரு!"

நான் பிரிக்கப் போனேன்.

"பிரிக்காதடி, அவரே வந்து படிக்கட்டும்" என்று அம்மா சிரித்தாள்.

நாக்பூரில் வண்டி மாற மூன்று நாள் காத்துக்கிடந்து, மறுநாள் டிரங்குப் பெட்டியோடு வந்திறங்கிய அப்பா, "நலம், நலமறிய ஆவல்" என்று தன் கடிதத்தைத் தானே எங்களுக்கு உரக்கப் படித்தார்.