பூவிழிக்கு வராத முட்டிவலி

முத்தமிழ்செல்வனுக்கு உடையார்பாளையம் கடைத்தெருவில் உரக்கடை. பலகையில் வேறு பெயர் எழுதியிருந்தாலும் ஊரில் அதைச் 'சைக்கிள்காரர் கடை' என்றுதான் சொல்வார்கள். நாற்பதை நெருங்கும்போது அவனுக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது அலுப்பாக இருந்ததால் திருச்சிக்குப் போய், ஒல்லி டயரும் வளைந்த ஹேண்டில்பாரும் வைத்த ரோடு சைக்கிள் ஒன்றை வாங்கிவந்தான். அதன் விலையைக் கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களே பிறகு, விடியலில் ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அவன் பறந்து போவதை நின்று பார்த்தார்கள்.

அந்தச் சாலையில் ஏற்றம் என்று ஒன்றும் கிடையாது. இருபுறமும் முந்திரித் தோப்பு, நடுவில் தார்ச்சாலை, எதிரே சிமெண்ட் லாரி. அவ்வளவுதான். பருத்த தொடையும் கனத்த உடம்பும் கொண்ட முத்தமிழ்செல்வன் அந்தச் சமதளத்தில் ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் யாராலும் அவன் பின்சக்கரத்தை ஒட்டிவர முடியாது. அரியலூரிலிருந்து வரும் இளைஞர்கள்கூட "அண்ணே, கொஞ்சம் மெதுவா போங்கண்ணே" என்று கெஞ்சுவார்கள். அதைக் கேட்பதற்காகவே இன்னும் கொஞ்சம் அழுத்துவான்.

அவன் மனைவி பூவிழி கிராம சுகாதார நர்ஸ். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடப்பது அவள் வேலை. மகள் திருச்சியில் விடுதியில் சேர்ந்த பிறகு, ஒருநாள் தானாகவே கேட்டாள்: "எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்களேன்."

அவனுக்குச் சந்தோஷம்தான். வாங்கித் தந்தான். கியர் மாற்றவும், காற்றுக்கு எதிரே போகும்போது தன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி வரவும் சொல்லிக்கொடுத்தான். அவளும் அப்படியே வந்தாள். தன் மறைவில் அவள் வருவது அவனுக்குப் பிடித்திருந்தது.

மலை ஆசை வந்ததும் அவனுக்குத்தான். திருச்சி சைக்கிள் குழுவை நடத்தும் சரத்குமார் அனுப்பும் படங்களில் வளைவுகளும் மேகமுமாக இருக்கும். சமதளத்திலேயே ஓட்டிப் பழகியவன் எடுத்த எடுப்பில் எந்த மலைக்குப் போவது? முத்தமிழ்செல்வன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறும் தேடினான். ஏற்றம் சீராக இருக்க வேண்டும், சுவர் மாதிரி எழும்பக் கூடாது. நடுநடுவே மூச்சு வாங்கக் கொஞ்சம் சமதளம் வேண்டும். காலை ஊன்றி நிற்க ஓரத்தில் இடம் வேண்டும். ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கத்துச் சரிவு ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிட்டது. கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகளை மோட்டார் சைக்கிளில் ஏறும்போதே அவனுக்கு வியர்த்தது. கடைசியில் பெரம்பலூர்ப் பக்கம், லாடபுரத்தைத் தாண்டி, பச்சைமலை அடிவாரத்தை ஒட்டி ஏறி இறங்கிப் போகும் ஒரு சாலை அகப்பட்டது.

உரமூட்டை ஏற்றும் குட்டியானை வண்டியில் இரண்டு சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். "மூச்சு வாங்குனா நின்னுடு. நான் மேல போய் வெயிட் பண்றேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான்.

முதல் ஏற்றத்தின் பாதியில் அவன் தொடை எரிந்தது. இருந்த கியர் எல்லாம் தீர்ந்துபோயிற்று. பின்னால் சங்கிலிச் சத்தம் கேட்டது. பூவிழி பக்கத்தில் வந்தாள். வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, நிக்கட்டுமா?"

"நீ போ."

போய்விட்டாள். நடைபோடுகிற அதே நிதானத்தில், திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டே இருந்தாள். அந்த முதுகை அவன் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அன்று ஆரம்பித்தது. திரும்பும் வழியில், ராத்திரி தின்ற பரோட்டா சரியில்லை என்றான். மறுவாரம் சக்கரம் உரசுகிறது என்றான். அதற்கடுத்த முறை காரணமே சொல்ல முடியவில்லை. அவள் இன்னும் வேகமாகப் போயிருந்தாள். கடைக்கு டிஏபி உரம் வாங்க வருகிறவர்கள், "அக்கா மலையெல்லாம் ஏறுறாங்களாமே, நீங்க போவுலயா?" என்று விசாரித்தார்கள். "அவளுக்கென்ன, காத்தடிச்சாலே மேல போயிடுவா" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். மூட்டையை மட்டும் தொம்மென்று போடுவான். வாரந்தோறும் தன் சைக்கிளோடு அவள் சைக்கிளுக்கும் காற்றடித்து வைப்பவன் அதை நிறுத்தினான். அவள் தானே பம்பை எடுத்து அடிக்கப் பழகிக்கொண்டாள். அதுவும் அவனுக்குப் பொறுக்கவில்லை. அவள் தடுப்பூசி முகாமுக்குப் போகும் நாட்களில் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு லாடபுரத்துக்குத் தனியாகப் போனான். சோற்றைப் பாதியாகக் குறைத்தான். எடை குறைந்தது, ஆனாலும் அந்த ஏற்றத்தில் நாக்கு தள்ளியது.

அப்போதுதான் சரத்குமார் போன் செய்தான்.

"அண்ணே, பச்சமலைக்கு ஒரு ரைடு வச்சிருக்கோம். மொதமொதல்ல மலை ஏறுறவங்களுக்குன்னே. லேடீஸ் நெறைய பேரு வராங்க. கூடவே ஏறி, பயப்படாம கூட்டிட்டுப் போவ நம்ம பூவிழி அக்கா இருந்தா நல்லாருக்கும். நீங்களும் வாங்கண்ணே."

அந்த 'நீங்களும்' அவன் காதில் முள்ளாக ஏறியது.

"அவளுக்கு முட்டிவலி, தம்பி. இப்ப முடியாது" என்றான். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே தெரிந்தது. திரும்பக் கூப்பிட்டு மாற்றிச் சொல்ல நேரம் இருந்தது. செய்யவில்லை.

சில வாரம் கழிந்தது. ஒரு ஞாயிறு காலை இருவரும் கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயிலுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, திருச்சிக் குழு அந்தப் பக்கமாக வந்து நின்றது. சரத்குமார் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தான்.

"அக்கா! முட்டி எப்படிங்க்கா இருக்கு? நீங்க வரலன்னு அன்னிக்கு எல்லாருக்கும் வருத்தம்."

முத்தமிழ்செல்வன் கையிலிருந்த டீயைப் பார்த்தான். பூவிழி ஒருகணம் கணவன் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப பரவால்ல தம்பி" என்றாள். "அடுத்த தடவ வச்சா சொல்லுங்க, வரேன்."

திரும்பும்போது எதிர்காற்று. வழக்கம்போல அவன் முதுகுக்குப் பின்னால் அவள் ஒதுங்கவில்லை. முன்னால் போய், காற்றைத் தானே வாங்கிக்கொண்டு ஓட்டினாள். ஜெயங்கொண்டம் தாண்டியும், அரைவயிற்றுச் சோற்றில் பழகிய உடம்பால் அந்த இடைவெளியைக் குறைக்க முடியவில்லை. சமதளத்திலும் தோற்றோம் என்பதுதான் அவனுக்கு முதலில் உறைத்தது; பொய் சொன்னது தான்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

மத்தியானம் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கு எந்த முட்டிங்க வலிக்குது? எடதா, வலதா?"

அவன் தலையைத் தூக்கவில்லை.

"இல்ல, யாராவது கேட்டா சொல்லணும்ல. தெரிஞ்சு வச்சுக்கறேன்."

"பொறாமையா இருக்கு பூவிழி" என்றான். "நான்தான வாங்கித் தந்தேன், நான்தான சொல்லிக் குடுத்தேன். நீ என்னையத் தாண்டிப் போவும்போது வயிறு எரியுது. என்ன செஞ்சும் போவ மாட்டேங்குது."

அவள் ரசத்தை ஊற்றினாள்.

"நீங்க சைக்கிளு வாங்குன புதுசுல, விடியக்காலைல கேட்டத் தெறந்துகிட்டுப் போவீங்க. நான் பாப்பாவுக்கு டிபன் கட்டணும், தண்ணி புடிக்கணும், டூட்டிக்குக் கெளம்பணும். அந்தக் கேட்டுச் சத்தம் கேக்கும்போதெல்லாம் எனக்கு எப்புடி எரியும் தெரியுமா? ஒரு நாளு உங்க டயர்ல ஊசிய ஏத்திடலாமான்னுகூட நெனச்சேன். ஏத்தல."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"அத்தன வருசமும் நான் ஒண்ணும் சொல்லல. நீங்க பொய்யே சொல்லிட்டீங்க. இனிமே எரிஞ்சா எங்கிட்ட சொல்லுங்க. வேற யாருகிட்டயும் எனக்கு வலிக்குதுன்னு சொல்லாதீங்க."

சாயங்காலம் அவனே சரத்குமாருக்குப் போன் போட்டான். முட்டிவலி பொய் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "அக்கா ரெடி தம்பி, எப்ப வேணா வைங்க" என்று மட்டும் சொன்னான்.

ஆடி பிறப்பதற்கு முன் அந்த ரைடு நடந்தது. சோபனபுரத்திலிருந்து பச்சைமலைக்கு ஏறும் சாலை. பூவிழியோடு வந்தவர்களில் அரியலூர் டீச்சர் ஒருத்தி முதல் வளைவிலேயே அழத் தொடங்கினாள். பூவிழி இறங்கிப் பக்கத்தில் நின்றாள். "மேல பாக்காதீங்க டீச்சர். முன்சக்கரத்துக்கு முன்னால ரோடு தெரியுதுல்ல, அத மட்டும் பாருங்க. லேசான கியர்லயே வாங்க, அவசரமில்ல" என்றாள். சற்றுத் தள்ளிப் பின்னால் வந்துகொண்டிருந்த முத்தமிழ்செல்வன் அதைக் கேட்டான். இவ்வளவு நாளும் தான் மேலே பார்த்துக்கொண்டே ஏறியது ஞாபகம் வந்தது. எதையும் காட்டிக்கொள்ளாமல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். கொஞ்சம் லேசாக இருந்தது. ஒரு வளைவில் நின்றான், இன்னொன்றில் தண்ணீர் குடித்தான், மறுபடி ஏறினான்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். டீச்சர் அவனைப் பார்த்து, "நீங்கதான் பூவிழி அக்கா வீட்டுக்காரரா?" என்றாள்.

"ஆமாங்க" என்றான். உள்ளே எரிந்தது. முன்பு போல இல்லை, ஆனால் எரிந்தது.

இறக்கத்தில் அவன் உடம்புக் கனம் அவனுக்குத் துணைக்கு வந்தது. பூவிழி பயந்து இரண்டு பிரேக்கையும் விடாமல் பிடித்தபடி ஊர்ந்துகொண்டிருந்தாள். ஒரு நேரான பகுதியில் மணியடித்து அவளைத் தாண்டினான். காது கிழியக் காற்று. அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கப்பட்டான். ஆனாலும் வேகத்தைக் குறைக்கவில்லை.

அடிவாரத்துக் கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டுக் காத்திருந்தான். வெகுநேரம் கழித்து வந்தாள். பிரேக் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போய் கிளாஸைப் பிடிக்க முடியவில்லை.

"எறங்கறதுக்கு எனக்குக் கத்துக் குடுங்க" என்றாள்.

அவன் டீயை ஆற்றி, அவள் கைக்குப் பதமாக நீட்டினான்.

"சரி" என்றான். "வர ஞாயித்துக்கெழம."