காணி இலக்கம் இல்லாதவர்

வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் கமக்காரர் அமைப்பின் செயலாளர் விமலேஸ்வரி மலையகத்து ஆக்களையெல்லாம் கணினியிலிருந்து வெட்டிவிட்டாராம். இந்தக் கதை திங்கட்கிழமை தேநீர்க் கடையில் பிறந்து, பேருந்தில் மாங்குளம் வரை போய், செவ்வாய்க்கிழமை கொஞ்சம் பருத்துத் திரும்பியது. வெட்டுப்பட்டவர்கள் இப்போது நாற்பது பேர்.

அதை அமைப்பின் தலைவர் இளையதம்பி விமலேஸ்வரியின் படலையடியில் கொண்டுவந்து இறக்கினார்.

“பிள்ளை, வாய்க்கால் கடைசியிலை இருக்கிற ஆண்டியப்பனுக்குத் தண்ணி முறை எப்ப எண்டு அறிவிக்கேல்லையாம். தண்ணி வந்த அண்டைக்கு அவர் மனுசியோட வவுனியா ஆஸ்பத்திரியிலை நிண்டவர். அரை ஏக்கர் காய்ஞ்சு போச்சு. ஞாயிறு கூட்டத்திலை உன்னை மாத்தச் சொல்லிக் கேக்கப்போகினமாம்.”

“நான் ஒருத்தரையும் வெட்டேல்லை அண்ணை. வாங்கோ, காட்டுறன்.”

ஒன்பது வருடம் பார்த்த பதவி. சம்பளம் இல்லை. ஆள் பார்த்து நடக்காதவர் என்ற பெயர் மட்டும் கிடைத்திருந்தது. அதற்கும் இப்போது ஆபத்து.

அறிவித்தல்கள் முன்பு வைபர் குழுவில்தான் போயின. காலை வணக்கங்களுக்கும் சாமிப் படங்களுக்கும் அடியில் தண்ணீர் முறை தாண்டு போனதால், இனி மின்னஞ்சல் என்று தீர்மானித்தார்கள். அதிலும் ஒரு வில்லங்கம். ஒரு வீட்டுக்கு மூன்று முகவரிகள். வாய்க்கால் துப்புரவுக்கு மண்வெட்டியுடன் வரும்படி கனடாவிலிருக்கும் மருமகனுக்கும் கடிதம் போனது. விமானச் சீட்டை அமைப்பு தருமா என்று அவர் பதில் போட்டார்.

ஆகவே, வாய்க்கால் தண்ணீரையே நம்பிய இந்தச் சிறுபோகத்துக்கு விமலேஸ்வரி ஒரு தேடலை எழுதி வைத்தார்: முகவரிப் புத்தகத்தில் காணி இலக்கம் உள்ளவர்களை மட்டும் எடு. வீட்டுக்கு ஒரு இலக்கம், இலக்கத்துக்கு ஒரு ஆள். வீடுகளைக் காணி இலக்கத்தாலேயே அறியும் அந்தக் குடியேற்றத்தில் பிறந்தவருக்கு இதைவிட இயல்பான யோசனை வராது. பள்ளிக்கூடத்திலேயே அவர் ‘நூற்றிப்பன்னிரண்டு விமலா’தான்.

ஆண்டியப்பன் என்று தட்டினார். பெயரும் தொலைபேசியும் மின்னஞ்சலும் உடனே வந்தன.

“பாத்தீங்களே, ஆள் இருக்கிறார்!”

“அப்ப ஏன் கடிதம் போகேல்லை?”

விமலேஸ்வரி எழுதிவைத்த தேடலைத் திறந்தார். எழுபத்துநான்கு பேரில் அறுபத்துமூன்று பேர். இல்லாத பதினொருவரும் வாய்க்காலின் கடைசியில் இருப்பவர்கள். மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டி, நாற்பது வருடமாக விதைக்கிறவர்கள். காணிக்கு உத்தரவுப் பத்திரமும் அதோடு வரும் இலக்கமும் இன்னும் கிடைக்காதவர்கள். இலக்கக் கட்டம் வெறுமை. பத்துப் பேர் தண்ணீரைக் கண்ணால் கண்டு ஓடிப்போய் வயலுக்கு மறித்துக்கொண்டார்கள். ஆண்டியப்பன் ஊரில் இல்லை.

கதை பொய் என்று சொல்லத்தான் அவர் கணினியைத் திறந்தார். இப்போது பதினொரு வெறுங் கட்டங்களையும் இளையதம்பிக்குக் காட்டினார்.

“கொம்பியூட்டர் பிழை எண்டு சொல்லிவிடு பிள்ளை,” என்றார் இளையதம்பி. “அது என்ன, கூட்டத்துக்கு வந்து மறுக்கவோ போகுது?”

“அது நான் சொன்னதைத்தான் அண்ணை செய்தது.”

இலக்கக் கட்டத்தை விட்டுவிட்டு, ‘வயல் செய்கிறவர்’ என்று புதிதாய் ஒரு கட்டம் போட்டுத் தேடலை மாற்றினார். எழுபத்துநான்கும் வந்தன. பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலின் கடைசிக்குப் போனார்.

ஆண்டியப்பன் வரம்பில் நின்றார். விமலேஸ்வரி நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அவர் கேட்டு முடித்து, “அந்தப் பொட்டியும் பத்திரம் கேக்குதாம்மா?” என்றார்.

“அது கேக்கேல்லை. நான்தான் கேட்டிட்டன். புதன்கிழமை என்ரை முறைத் தண்ணியை நீங்கள் எடுங்கோ.”

“உங்க வயலு காயாதா? இருக்கட்டும். வாங்கின மாதிரி வச்சுக்கங்க.”

“வாங்கினால்தான் வாங்கின மாதிரி.”

ஆண்டியப்பன் சிரித்தார். புதன்கிழமை அந்தத் தண்ணீரை அவர் எடுக்கவில்லை.

ஞாயிறு கூட்டத்திலும் விமலேஸ்வரி பிழை தன்னுடையதுதான் என்று சொன்னார். செயலாளரை மாற்றும் கதையை யாரும் எடுக்கவில்லை. அந்தப் போகம் அறுவடையாகி, மழையும் வந்துவிட்டது. வாய்க்காலைத் திறக்க இனி அடுத்த சிறுபோகம் வரவேண்டும். ஆண்டியப்பனின் பெயருக்குக் கீழே விமலேஸ்வரி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: ‘ஒரு முறைத் தண்ணீர் கொடுக்க வேண்டும்.’ அதற்கும் ஒரு தேடல் இருக்கிறது. எப்போது திறந்தாலும் ஒரே ஒரு பெயர் வருகிறது.