பூட்டக் கூடாத வரைபடம்

கத்தரிக்கோலோடு பெண்கள் அறைக்குள் நுழைந்தபோது நான் வரைபடத்தின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன்.

ஜெர்மனியில், ரைன் கரையில் ஒரு சிறு நகராட்சி. அறுபதுகளின் இறுதி. மெட்ராஸில் டிராஃப்ட்ஸ்மேன் கோர்ஸ் முடித்த நான் அங்கே கட்டடப் பிரிவில் வரைவாளர். புதுச் சாலைத் திட்டம் நகரச் சட்டமாக வேண்டுமானால் அதன் வரைபடம் ஒரு மாதம் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும். அலுவலக நேரத்தில் ஒரு நாள் அது இருக்கும் அறை பூட்டிக் கிடந்தாலும் கோர்ட்டில் திட்டம் நிற்காது. என் எட்டு மாத வேலை குப்பைக்குப் போகும்.

மூன்று வாரம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு கார்னிவல் திருவிழாவின் வியாழன் வந்தது. ஊர் வழக்கப்படி அன்று ஒரு நாள் பெண்கள் விளையாட்டாக நகர மன்றத்தைப் பிடித்து, ஆண்களின் டையை வெட்டி, அலுவலகங்களைப் பூட்டிவிடுவார்கள். சாவியை மேயரே சிரித்தபடி கொடுப்பார்.

தலைவி, பேக்கரி நடத்தும் ஃப்ராவ் வெபர். முதலில் என் டை போயிற்று.

"வெளிய போங்க. ரூமைப் பூட்டணும்."

"பூட்டக் கூடாதும்மா. சட்டம்."

"இன்னிக்கு சட்டம் நாங்கதான்."

"அப்ப இதைத் திறந்து வைக்கிற பொறுப்பும் உங்களோடதுதான். நாலு மணி வரைக்கும்."

யோசித்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். மற்றவர்கள் பாடப் போய்விட்டார்கள். வேறு வேலை இல்லாததால் வரைபடத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

"இந்தியாக்காரரே, இந்தச் சிவப்புக் கோடு என்ன?"

"புது ரோடும்மா."

"என் அடுப்பு மேல போகுதே."

நான் பழைய சர்வே தாளை வைத்து வரைந்திருந்தேன். அதில் அந்த இடம் காலி மனை. அந்த அடுப்பில் சுட்ட ரொட்டியைத்தான் தினமும் காலையில் தின்றுகொண்டிருந்தேன்.

ஆட்சேபணையை அங்கேயே எழுதி, அன்று தன் வசம் இருந்த நகராட்சி முத்திரையைத் தானே குத்தினார்.

மறுநாள் பிரிவுத் தலைவர் ஹெர் க்ரோல் தலைவலியோடு வந்தார்.

"ஹெர் மணி, நேத்து ரூம் திறந்திருந்துதான்னு யாராவது கேட்டா எதைக் காட்டுவீங்க?"

ஆட்சேபணையைக் கொடுத்தேன். தேதியையும் முத்திரையையும் பார்த்தார்.

"பிரமாதம். திட்டம் பிழைச்சுது." கீழே படித்தார். "பிழைக்கலை."

சாலையை நகர்த்தி வரைந்தோம். மாற்றிய வரைபடத்தைச் சட்டப்படி இன்னொரு மாதம் திறந்து வைத்தோம்.

தாளைப் பாதுகாப்பதுதான் என் கடமை என்று அதுவரை நினைத்திருந்தேன். வரைந்தவன் தவறை யாராவது கண்டுபிடிக்கட்டும் என்றுதான் அதைத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். அதன் பிறகு ஓய்வு பெறும் வரை, எந்தத் தெருவிலும் ஒருமுறை நடந்து பார்க்காமல் நான் கோடு போட்டதில்லை.