மருமகளின் மஞ்சள் எல்டர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் மகன் வாங்கிய வீட்டின் முன்வாசலோரம் ஒரு எல்டர் செடி நின்றது. மஞ்சள் இலை வகை. தளிர் செம்பு நிறத்தில் வரும். நாலு நாள் வெயில் பட்டதும் பழுத்த எலுமிச்சம்பழத்தின் நிறத்துக்கு மாறும். இலையின் ஓரமெல்லாம் வாள் பல் போல வெட்டுகள். வீட்டுக்கு வந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "உதுக்கு என்ன வருத்தம்?" யாழ்ப்பாணத்தானுக்கு மஞ்சள் இலை என்றால் பசளை போதாது என்று பொருள். யூனியன்வில்லில் இருந்து வந்த ஒரு நண்பர் அடுத்த தடவை ஒரு பை யூரியாவோடே வந்து இறங்கினார். அது அப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு விளக்கினேன். "மஞ்சளாய் இருக்கிறதுக்குக் காசு குடுத்து வாங்கினதோ?" என்று கேட்டுவிட்டு, பையைத் திருப்பிக் காரில் ஏற்றினார்.

அதை வாங்கியவள் என் மருமகள். அந்த ஆண்டு வசந்தத்தில் அவளுக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, காரின் பின்சீற்றில் இந்தச் செடியைச் சாய்த்து வைத்துக் கொண்டுவந்தாள். மகன் மண்வெட்டியை எடுக்கப் போனான். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே குழி வெட்டி, தானே நட்டாள். ஏன் இந்தச் செடி, ஏன் இப்போது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எதையும் விசாரித்துக் குறிப்பெழுதியே பழகிய எனக்கு அது சுலபமாக இருக்கவில்லை.

நான் அரசாங்க அலுவலகத்தில் பிரதம லிகிதராக, எழுத்தர்களுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன். ரொறன்ரோவுக்கு வந்த பிறகும் அந்தப் பதவி என்னை விடவில்லை. உறவுகளை அழைக்கும் பொன்சர் விண்ணப்பம், சுகாதார அட்டை, வாடகைத் தகராறு என்று சனம் கடுதாசிகளோடு வந்துகொண்டே இருந்தது. எந்தக் கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது, எதில் 'பொருந்தாது' என்று எழுதவேண்டும், எதற்கு மூன்று பிரதி வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எல்லாக் காரியத்துக்கும் ஒரு நடைமுறை உண்டு, அதைக் கண்டுபிடித்தால் போதும் என்பது என் கொள்கை.

அடுத்த மார்ச் கடைசியில் நூலகத்தில் ஒரு தோட்டப் புத்தகம் அகப்பட்டது. வெளியே எடுத்துச் செல்ல முடியாத புத்தகம். எல்டர் பற்றிய பக்கத்தைப் பிரதி எடுத்து வந்தேன். இலையின் நிறத்துக்காக வளர்ப்பவர்கள், வசந்தம் தொடங்கும்போது, மொட்டு விரியமுன், தண்டுகள் அத்தனையையும் நிலத்திலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டிவிட வேண்டும். புதிதாக வரும் தண்டில் இலை பெரிதாகவும் நல்ல நிறமாகவும் வரும் என்று அதில் இருந்தது. இவ்வளவு தெளிவாக ஒரு நடைமுறை இருக்கும்போது, எங்கள் வீட்டில் அது நிறைவேற்றப்படாமல் கிடந்தது எனக்குக் குறையாகப் பட்டது.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை. மகன் காலையிலேயே மிசிசாகாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். மருமகள் பஸ் ஏறிவிட்டாள். நான் கத்தரியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எட்டுத் தண்டுகள். ஒவ்வொன்றையும் மொட்டுக்கு மேலே, தண்ணீர் வழிந்தோடச் சரிவாக வெட்டினேன். வெட்டியதைக் கட்டாகக் கட்டி, வீதியோரம் வைத்து, நிலத்தையும் கூட்டினேன். அன்று செய்த வேலையில் எவரும் ஒரு பிழை கண்டுபிடித்திருக்க முடியாது.

மாலை ஐந்தரைக்கு மருமகள் வந்தாள். தோள் பையைக்கூட இறக்காமல் கார்ப் பாதையில் அப்படியே நின்றாள். நான் கதவைத் திறந்து விளக்கம் கொடுத்தேன்.

"இனித்தான் பிள்ளை, செடி நல்ல நிறமாய் வரும். இப்பிடித்தான் வெட்டவேணும். புத்தகத்தில கிடக்கு."

"ஓம் மாமா," என்றாள். மேலே போய்விட்டாள். சாப்பிட வரவில்லை.

மனைவி குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "இஞ்சேருங்கோ, ஆர் உங்களை அதை வெட்டச் சொன்னது?"

"புத்தகம்."

"வயித்தில பிள்ளையோட ஒருத்தி இருக்கிற வீட்டில பச்சை மரத்தில கத்தி வைக்கிறதே? உங்கட புத்தகத்தில அது கிடக்கேல்லையோ?"

"எனக்கு ஆர் சொன்னது வயித்தில பிள்ளையெண்டு?"

"வேணுமெண்டுதான் சொல்லேல்லை. போன முறை ரெண்டாம் மாசமே ஊர் முழுக்க ஃபோன் அடிச்சுச் சொன்னது ஆர்?"

அடித்தது நான்தான்.

கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் மரம் தறிக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு அப்படியான நம்பிக்கைகள் கிடையாது. நம்புகிறவர் கோயிலில் ஒரு தேங்காயை உடைத்துவிட்டு ஆறுதலாகப் படுக்கலாம். நம்பாதவனுக்குப் பரிகாரமும் இல்லை. செடி முளைத்தாக வேண்டும், அவ்வளவுதான். முளைக்காவிட்டால், பிறகு அவளுக்கு எது நடந்தாலும், நடக்காவிட்டாலும், மிச்ச மாதங்கள் முழுக்க அவள் அந்த எட்டுக் கட்டைகளையும் தாண்டித்தான் வேலைக்குப் போய் வரவேண்டும்.

மறுநாள் என் பக்கத்து நியாயத்துக்கு மேலும் சான்று தேடி நூலகத்துக்குப் போனேன். அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். மறுபக்கத்தில் இரண்டு வரி இருந்தது. நட்டு இரண்டு ஆண்டு ஆகாத செடியை இப்படி வெட்டக்கூடாது, வேர் அதைத் தாங்காமல் போகலாம். எங்கள் செடியை நட்டுப் பத்து மாதம்தான். என் கீழ் வேலை செய்த எத்தனையோ பேரை, கோப்பின் மறுபக்கத்தைப் பார்க்கவில்லை என்று நான் நிறுத்தி வைத்து ஏசியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு காலையும் மாலையும் போய்க் குந்தியிருந்து பார்த்தேன். நகத்தால் தோலைச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிந்தது. உயிர் இருக்கிறது. அடுத்த நாள் இன்னொரு தண்டில் சுரண்டினேன். மகன் ஜன்னலைத் திறந்து, "அப்பா, நீங்க சுரண்டியே அதை முடிச்சுப்போடுவியள்," என்றான்.

ஏப்ரல் மூன்றாம் கிழமை பனி கொட்டியது. நான் குளியலறை வாளியைக் கொண்டுபோய்க் கட்டைகளின் மேல் கவிழ்த்து, காற்று தூக்காமல் மேலே ஒரு கல்லை வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது மருமகள் பஸ்ஸால் இறங்கி வந்தாள்.

"மாமா, என்ன, அதுக்குக் குளிருதோ?"

அந்த ஒன்றரைக் கிழமையில் அவள் என்னோடு பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். எழும்ப முயன்றேன். முழங்கால் இடம் தரவில்லை. அவள் கை கொடுத்தாள். பிறகு கேட்டாள்:

"மாமா, உண்மையைச் சொல்லுங்கோ. இது முளைக்குமோ?"

என்னிடம் பதில் இருந்தது. வேர் உறங்கு காலம், மண்ணின் சூடு என்று பத்து நிமிடம் பேசியிருக்கலாம்.

"தெரியாது பிள்ளை," என்றேன். மறுபக்கத்தில் இருந்த இரண்டு வரியையும் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "நீங்க தெரியாதெண்டு சொல்லி நான் இண்டைக்குத்தான் கேக்கிறன்."

"வெட்டின பிறகுதான் மாமி எனக்கு விசயத்தைச் சொன்னவ," என்றேன். "முந்தித் தெரிஞ்சிருந்தா நான் கத்தரியைத் தொட்டிருக்கமாட்டன்."

"தெரியும்." அவள் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்கு உந்த நம்பிக்கை ஒண்டும் இல்லை மாமா. ஆனா காலமை எழும்பின உடனை, எல்லாம் சரியாய் இருக்கோ எண்டு பயந்து பயந்துதான் பாக்கிறன். நீங்க குந்தியிருந்து பாக்கிற மாதிரித்தான். ஒரு நாளைக்கு எத்தினை தரமெண்டு இல்லை."

அவளே ஒரு நடைமுறை வகுத்தாள். செடியை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பார்க்கலாம். அவள் பஸ்ஸால் இறங்கி வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பது. சுரண்டக்கூடாது. மூன்று விதிகள். என் வாழ்நாளில் பார்த்த அலுவலகச் சுற்றுநிருபங்களில் இவ்வளவு சுருக்கமான ஒன்று இருந்ததில்லை.

மே மாதம் பிறந்தது. பக்கத்து வீட்டுச் செடியெல்லாம் இலை விட்டுவிட்டன. எங்களுடையது கட்டையாகவே நின்றது. மாலையில் பார்ப்போம். "நாளைக்குப் பாப்பம்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போவாள். ஒரு காலை, குப்பை வைக்கப் போனபோது, விதியை மீறிக் கண் போய்விட்டது. தண்டுகளில் எதுவும் இல்லை. ஆனால் அவற்றுக்கு நடுவே, மண்ணிலிருந்தே, விரல் நுனி அளவில், செம்பு நிறத்தில் ஒரு முளை.

யாருக்கும் சொல்லவில்லை. மனைவி அந்தப் பக்கம் போக வெளிக்கிட்டபோது வேறு வேலை சொன்னேன். பகல் முழுக்க நேரத்தைத்தான் பார்த்தேன். ஐந்தரைக்கு அவள் வந்தாள். குனிந்தாள். நான் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்தேன்.

"மாமா."

"என்ன பிள்ளை?"

"இஞ்சை பாருங்கோ." அவள் மண்ணில் முழங்காலைக் குத்திவிட்டாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "நீங்க காலமையே பாத்திட்டியள், என்ன?"

"இல்லை," என்றேன். சேவைக்காலம் முழுக்க நான் பொய்யான பிரகடனம் ஒன்றுக்கும் கையெழுத்து வைத்ததில்லை.

அந்தக் கோடையில் செடி என் இடுப்பளவுக்கு வந்தது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். வீதியால் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒக்டோபரில் பேத்தி பிறந்தாள், நல்ல சுகத்தோடு, நல்ல குரலோடு. அவளுடைய பதிவுக் கடுதாசிகளை எல்லாம் நான்தான் நிரப்பினேன். ஒவ்வொன்றையும் மறுபக்கம் திருப்பிப் பார்த்தேன்.

அடுத்த ஏப்ரலில், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மருமகள் சொன்னாள்: "இந்த முறை ஒருத்தரும் வெட்டவேண்டாம் மாமா. அது தன்ரபாட்டுக்கு வளரட்டும்."

வளர்ந்தது. வெட்டாததால் இலை சிறுத்தது. மஞ்சளும் கொஞ்சம் மங்கல்தான், புத்தகத்தில் இருந்தபடியே. ஆனால் பழைய தண்டில்தான் பூ வரும் என்பதால் மே முடிவில் வெள்ளைப் பூ பிடித்து, பிறகு சிவப்பாகக் காய்த்தது. காயை எல்லாம் குருவிகள் தின்றுவிட்டன.

"போன வருசத்தை விட வடிவு, என்ன மாமா?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை," என்றேன்.