வலப்பக்கம் போனவள்

என் தங்கை டென்னிஸ் ஆடிப் பிழைக்கிறாள் என்று சொன்னால், எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்கள் உடனே அவளை டி.வி.யில் பார்த்திருக்கிறோமா என்று கேட்பார்கள். பார்த்திருக்க மாட்டீர்கள் என்பேன். அவள் இரட்டையர் ஆட்டக்காரி. பெரிய மைதானத்தில் ஒற்றையர் ஆட்டம் நடக்கும்போது, ஓரமாக ஒன்பதாவது கோர்ட்டில் இருபது பேர் உட்கார்ந்திருக்க, அதிலும் பாதிப்பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஆடிக்கொண்டிருப்பாள். பதினாலு வருஷமாக அதுதான் அவள் வேலை. நான் பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறேன். என்னைப் பார்க்க ஆசையோடு வருகிறவர் யாரும் இல்லை என்பதால் எனக்கு அவள் நிலைமை நன்றாகப் புரியும்.

எங்கள் அப்பா டென்னிஸ் கோர்ட் போடுகிற காண்டிராக்டர். பள்ளிக்கூடம், கிளப், அடுக்குமாடிக் குடியிருப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் நான்கு ஆட்களும் ஒரு வேனுமாகப் போவார். தரையைச் சமன் செய்து, பச்சைப் பூச்சு மூன்று தடவை அடித்து, கடைசியில் கயிறு பிடித்து வெள்ளைக் கோடு போடுவார்கள். ஒப்படைக்கும் முன் பந்து ஒழுங்காக எழும்புகிறதா என்று பார்ப்பது எங்கள் இருவருடைய பொறுப்பு. அது பத்து நிமிஷ வேலை. ஆட்கள் வேனில் சாமான் ஏற்றி முடிக்கிற வரை மிச்ச நேரத்தில் நாங்கள் ஆடலாம். ஆனால் கோர்ட்டின் பின்பகுதி எப்போதும் கடைசியாகத்தான் காயும். நெட் பக்கத்திலேயே நின்று ஆடணும், ஒரு அடி பின்னால் வைத்தால் தோலை உரித்துவிடுவேன் என்பார் அப்பா. அதனால் மற்ற பிள்ளைகள் பின்கோட்டில் நின்று ஓடி ஓடி அடிக்கப் பழகிய வயதில், என் தங்கை நெட்டுக்குப் பத்தடியில் நின்று, பந்து தரையில் விழுமுன் அதை வெட்டி எதிராளியின் காலடியில் போடப் பழகினாள்.

கை வந்துவிட்டது. கால்தான் வரவில்லை. ஒற்றையரில் ஐந்து வருஷம் முட்டி மோதியும் தரவரிசையில் முதல் நானூறு பேருக்குள் அவளால் நுழைய முடியவில்லை. இருபத்திரண்டு வயதில், ஒற்றையருக்குப் பேர் கொடுப்பதை ஒரேயடியாக நிறுத்தினாள். பாதிப்பேர் தோற்றுப்போனவள் என்று பேசினார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன்னைவிட ஒரு முழம் உயரமான ஒருத்தியோடு ஜோடி சேர்ந்தாள். நாங்கள் அவளை நெட்டை என்றே கூப்பிடுவோம்; அவளும் போனில் "நெட்டை பேசறேன்" என்றுதான் சொல்வாள். நெட்டை சர்வ் போடுவாள், இவள் நெட்டில் நின்று முடித்துவைப்பாள். ஒன்பது வருஷம் ஓடியது. முதல் நாற்பது பேருக்குள் வந்தார்கள்.

இரட்டையரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எதிராளி சர்வ் போடும்போது ஒருத்தி இடப்பக்கம், ஒருத்தி வலப்பக்கம் நிற்பாள். அந்த செட் முடிகிற வரை அவரவர் பக்கத்தில்தான் சர்வை எடுக்க வேண்டும். பெரும்பாலோர் ஆயுசு முழுக்க ஒரே பக்கம்தான். என் தங்கை இடப்பக்கக்காரி. வலது கைக்காரியான அவளுக்கு அங்கே ஓரமாக வருகிற பந்து பேக்ஹேண்டுக்கு, அதாவது புறங்கைப் பக்கம் வரும்; வலப்பக்கம் நின்றால் அது ஃபோர்ஹேண்டுக்கு, உள்ளங்கைப் பக்கம். அவளுடைய பேக்ஹேண்ட் கத்தி மாதிரி. இன்னொன்று, இரட்டையரில் பாதி ஆட்டம் வாய்தான். எனக்கு, விடு, மாறு என்று இருவரும் கத்திக்கொண்டே இருப்பார்கள். இரண்டு பேர் ஒரே பந்துக்கு ஓடினாலும் போச்சு, இரண்டு பேரும் விட்டாலும் போச்சு.

அவளுக்கு முப்பத்தொன்று நடக்கும்போது ஒரு நாள் காலை, போட்டிக்காகப் போயிருந்த ஊரில், ஓட்டல் அறையில் எழுந்து வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து இடது காதுக்கு மாற்றினாள். அவர் எப்போதும்போல, சாப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டிருந்தார். வலது காதில் விரலால் தட்டிப் பார்த்தாள். தலையணையை ஒட்டவைத்தது மாதிரி இருந்தது. விமானத்தில் வந்த அடைப்பு, சளி, தானாகப் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த வாரம் ஆட்டம் இருந்தது. அடுத்த வாரமும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, நெட்டையிடம்கூட.

இடப்பக்கம் நிற்கிறவளுக்கு ஜோடி வலது கைப்பக்கம் இருப்பாள். அந்தப் பக்கம்தான் இப்போது இவளுக்கு இல்லை. முதல் வாரம் குத்துமதிப்பாக ஒப்பேற்றினாள். இரண்டாவது வாரம், மூன்றாவது செட்டில், எதிராளிகள் பந்தை உயரமாகத் தூக்கிப் போட்டார்கள். நெட்டை "எனக்கு" என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தாள். இவளும் போனாள். நெட்டையின் முழங்கை இவள் கன்னத்தில் இடிக்க, இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். பந்து பக்கத்திலேயே விழுந்து எழும்பிப் போனது.

ஆட்டம் தோற்றபின் உடை மாற்றும் அறையில் நெட்டை பொங்கிவிட்டாளாம். பத்து நாளாகக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, தான் சொல்வதை மதிப்பதில்லை, பெரிய ஆள் என்று நினைப்பா என்றெல்லாம் கேட்டிருக்கிறாள். என் தங்கை அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"இந்தப் பக்கம் வந்து திட்டு. அந்தக் காது கேக்கல."

அரை மணி நேரத்தில் டாக்சி பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நெட்டைதான். அன்று பதினோராவது நாள். திடீரென்று காது கேட்காமல் போவது அவசர நோய், முதல் சில நாளில் வந்திருந்தால் நிறைய வாய்ப்பு இருந்திருக்கும் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். அது ஸ்டீராய்டு, தனி அனுமதி இல்லாமல் அதைச் சாப்பிட்டுக்கொண்டு போட்டியில் ஆடக்கூடாது என்பது விதி. ஆகவே வீட்டுக்குத் திரும்பினாள். இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டதில், காதோடு சேர்ந்து வந்திருந்த தலைச்சுற்றல் நின்றது. காது திரும்பவில்லை.

அந்த நாட்களில் அவள் தன்னை நொந்துகொண்டதைப் பார்க்கச் சகிக்காது. பதினோரு நாள், பதினோரு நாள் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அவள் வீடு. கீழே காற்றடிக்கும் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றுகூடத் தெரியவில்லை என்று ஜன்னலையும் கதவையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அங்கே சாப்பிட்டோம். அப்பா தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். தான் கோர்ட் போட்டுக் கொடுத்த ஒரு கிளப்பில் பயிற்சியாளர் இடம் காலியாக இருக்கிறது, வீட்டோடு இருக்கலாம், பேசி வைக்கட்டுமா என்றார். தங்கை வீட்டுக்காரர் அவளுடைய இடது பக்கமாக நாற்காலியை மாற்றிப் போட்டு உட்கார்ந்தார். அவள் அதைக் கவனித்தாள். பிறகு இரண்டு டம்ளரை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இது நான், இது நெட்டை. அவ என் வலது பக்கம் இருக்கா, அதான் கேக்கல," என்றாள். டம்ளர்களை இடம் மாற்றினாள். "நான் வலப்பக்கம் போயிட்டா, அவ இடது காதுக்கு வந்துடுவா."

"வலப்பக்கம் போனா எல்லாரும் உன் ஃபோர்ஹேண்டுக்குத்தான் போடுவாங்க. உன் ஃபோர்ஹேண்ட் எப்படின்னு எனக்குத் தெரியாதா?" என்றேன் நான்.

"மோசம்தான்க்கா. அதைத்தான் சரி பண்ணணும். எனக்குப் போனது காது. கை இருக்கு."

அப்பா கிளப் பேச்சை அதோடு விட்டார்.

சிறுவயதில் எங்கள் இருவரில் சர்வ் நன்றாகப் போடுகிறவள் நான். அதனால் வேலை என் தலையில் விழுந்தது. அப்பாவின் குடோனுக்குப் பின்னால், வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்கென்று போட்ட ஒரு கோர்ட் உண்டு. கிளினிக் ஒன்பது மணிக்கு. காலை ஐந்தரைக்கு நான் அங்கே இருக்க வேண்டும் என்று அவள் உத்தரவு. வலப்பக்கம் நிற்கிற அவளுக்கு ஓரமாக விலகிப் போகிற சர்வாகவே நான் போட வேண்டும். அவள் அதை ஃபோர்ஹேண்டில் எடுத்து, நெட்டில் நிற்கிற ஆளுக்குச் சிக்காமல், குறுக்காக, தாழ்வாக அனுப்ப வேண்டும். அப்பா ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து நெட்டுக்கு அந்தப் பக்கம் வைத்து, அதன்மேல் வேனின் பழைய சீட்டை நிறுத்திக் கட்டினார். அதுதான் நெட்டில் நிற்கிற எதிராளி. முதல் வாரம் என் தங்கை அடித்ததில் பெரும்பாலானவை அந்த சீட்டில்தான் போய் மோதின.

நாற்பது வயதுக்கு இரண்டு குறைவு எனக்கு. தோள்பட்டை வீங்கிவிட்டது. ஒரு நோயாளிக்குத் தேதி எழுதிக் கொடுக்கப் பேனாவைத் தூக்க முடியாமல் இடது கையால் எழுதினேன். பல் டாக்டர் என் கையெழுத்து முன்னைவிட நன்றாக இருக்கிறது என்றார். நாளைக்கு ஒரு நாள் விடேன் என்று தங்கையிடம் கெஞ்சிக் கேட்டேன். "சரிக்கா, நாளைக்கு மெதுவா போடு," என்றாள்.

நான்கு மாதம் இப்படிப் போனது. அது அழகான ஃபோர்ஹேண்ட் ஆகிவிடவில்லை. பின்னால் இழுத்து வீசுவதை அடியோடு விட்டுவிட்டு, மட்டையைக் குறுக்கே வைத்து முட்டித் தள்ளுவது மாதிரி ஒரு அடியைக் கண்டுபிடித்தாள். பார்க்கச் சகிக்காது. ஆனால் பந்து சீட்டுக்குத் தப்பிப் போனது, பத்துக்கு எட்டு.

நெட்டையோடு மறுபடி கிளம்பினாள். தொடர்ந்து ஆறு போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். நெட்டைக்கு இடப்பக்கம் ஒத்துவரவில்லை; அவளும் ஒன்பது வருஷமாக ஒரே இடத்தில் நின்றவள்தானே. ஏழாவது ஊரில் நெட்டை நேரிலேயே வந்து சொன்னாள். இந்தத் தொழிலில் ஜோடியை விட்டுப் போகிறவர்கள் போனில் ஒரு வரி அனுப்பிவிட்டுப் போவார்கள். நெட்டையோ இவள் அறைக்கே வந்து, கட்டிலில் இவளுடைய இடது பக்கமாக உட்கார்ந்து, வேறொருத்தி கூப்பிடுகிறாள், அங்கே தனக்குப் பழைய பக்கம் கிடைக்கும், போகிறேன் என்றாளாம். சொல்லிவிட்டு அழுதிருக்கிறாள். என் தங்கை அழவில்லை. எனக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னபோது நான்தான் கொதித்தேன். நெட்டை செய்தது சரி என்றாள் இவள். தான் பக்கம் மாறியதால்தான் அவளும் மாற வேண்டிவந்தது, அவளுக்கும் முப்பத்தொன்று ஆகிறது, இனிக் காத்திருக்க முடியாது என்றாள்.

அடுத்த எட்டு மாதம் வாரத்துக்கு ஒரு ஜோடி. போட்டி நடக்கிற இடத்தில் பேர் பதிகிற மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஜோடி இல்லாமல் வருகிறவர்களிடம் தானே போய்க் கேட்பாள். கேட்கும்போதே எனக்கு வலது காது கேட்காது, நீ இடப்பக்கம் நிற்கணும் என்று சொல்லிவிடுவாள். சிலர் யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விடுவார்கள். தரவரிசை நூற்றுப்பத்துக்கு இறங்கியது. வீட்டுக்கு வரும்போது அவள் துணியைவிட வலி மருந்தும் கட்டுத்துணியும்தான் பையில் அதிகம் இருந்தன.

அதே போட்டிகளில் ஆடுகிறவர்களில் சைரன் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒருத்தி இருந்தாள். இருபத்துநான்கு வயது, இடது கைக்காரி, நல்ல ஆட்டக்காரி. ஆனால் மூன்று வருஷத்தில் பதினோரு ஜோடி மாறியவள். காரணம் அவள் தொண்டை. அவள் கத்தினால் பக்கத்து கோர்ட்டில் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். காதுக்குள் இரும்பைத் தேய்த்த மாதிரி இருக்கிறது, கூட நிற்க முடியாது என்று ஒவ்வொருத்தியாக ஓடிவிட்டார்கள். என் தங்கை ஒரு நாள் முழுக்க அவள் ஆட்டத்தை வேலிக்கு வெளியே, இடது காது கோர்ட்டைப் பார்க்கும்படி வலது பக்கம் திரும்பி நின்று கேட்டாள். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அதோடு இடது கைக்காரிக்கு இடப்பக்கம்தான் பிடித்த இடம். அங்கே ஓரப் பந்து அவளுடைய ஃபோர்ஹேண்டுக்கு வரும்.

சாப்பாட்டுக்கூடத்தில் போய் எதிரே உட்கார்ந்தாள்.

"உன்கூட ஆடணும்," என்றாள்.

சைரன் முள்கரண்டியை வைத்தாள். "நான் ரொம்பக் கத்துவேன். தெரியும்ல?"

"தெரியும். குறைச்சிடாத."

அவர்கள் முதல் ஆட்டம் மோசமாகத் தோற்றார்கள். மூன்றாவது போட்டியில் இறுதிச்சுற்று. ஒரு வருஷத்தில் இரண்டு கோப்பை, நடுத்தரப் போட்டிகள்தான், ஆனாலும் கோப்பை. இவர்கள் சர்வ் போடும்போது இடம் மாறி மாறி நிற்க வேண்டியிருக்கும். சைரன் சில சமயம் இவளுடைய கேட்காத பக்கம் வந்துவிடுவாள். அப்போது ஒவ்வொரு புள்ளிக்கு முன்னாலும் முகத்தோடு முகம் பார்த்து, யார் எந்தப் பந்து என்று முடிவு செய்துகொண்டார்கள். மிச்சத்தைச் சைரனின் தொண்டை பார்த்துக்கொண்டது. நடுவர் ஒருவர் அவளைச் சத்தத்துக்காக எச்சரித்தபோது, என் தங்கை போய், காது டாக்டர் கொடுத்த சான்றிதழின் நகலைக் காட்டினாள். அவர் படித்துப் பார்த்துவிட்டு, எதிராளி பந்தை அடிக்கிற நேரம் மட்டும் கத்தாமல் இருக்கச் சொன்னார். அதற்காக இருவரும் ஒரு மாதம் தனியாகப் பழகினார்கள். சைரனுக்கு வாயை மூடுவதுதான் சர்வைவிடக் கடினமாக இருந்தது.

என் தங்கைக்கு முப்பத்தைந்து ஆனபோது, வருஷத்தின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்றில் அரையிறுதிக்கு வந்தார்கள். அப்பாவும், தங்கை வீட்டுக்காரரும், லீவு போட்டு நானும் போனோம். இரண்டு மணி நேரம் நாற்பது நிமிஷம். மூன்றாவது செட்டில் எதிராளிகள் எல்லா சர்வையும் அவளுடைய ஃபோர்ஹேண்டுக்கே போட்டார்கள். அவள் அந்த அழகில்லாத அடியால் ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். எனக்குத் தோள் வலித்தது. கடைசியில், சமமாக நின்ற செட்டை முடிக்கிற டைபிரேக்கில் எட்டுக்குப் பத்து என்று தோற்றார்கள். கடைசிப் பந்து நெட்டின் மேல்விளிம்பில் பட்டு இவர்கள் பக்கமே விழுந்தது. யார் மேலும் பிழையில்லை.

சைரன் கோர்ட்டிலேயே உட்கார்ந்து ஊருக்கே கேட்கும்படி அழுதாள். என் தங்கை அவளை எழுப்பி, இரண்டு பைகளையும் தானே தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். அப்பா அவளிடம், கோர்ட்டின் தரை நல்ல வேலை, பூச்சு சமமாக இருக்கிறது என்றார். அவள் சிரித்துவிட்டாள். பிறகு பேர் பதிகிற மேஜையில் இருந்த பெண்ணிடம் போய், அடுத்த வாரப் போட்டிக்கு இருவர் பேரும் பதிந்திருக்கிறதா என்று கேட்டுச் சரிபார்த்தாள். அந்தப் பெண் மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். இவள் தலையைத் திருப்பி இடது காதைக் காட்டி, மறுபடி சொல்லச் சொன்னாள்.

பதிந்திருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணி, பதினாலாம் கோர்ட்.